எழுபதினாயிரத்து ஒன்றாவது நாற்று

அத்தியாயம் ஒன்பது

லுணுகலைச் சந்தியிலிருந்த கள்ளுத் தவறணைக்குள் யார் போய் விசாரிப்பது என்பதில் துப்பறியும் ஸலீம் மாஸ்டருக்கும் அவருடைய உதவியாளன் சின்னராசாவுக்கும் எந்தத் தகராறும் வரவில்லை. மாஸ்டர் ஐந்து வேளையும் தொழுகிறவர். தவறணைக் கூரையின் நிழல்கூடத் தன் செருப்பில் படக்கூடாது என்று எதிர்ப்பக்கப் பலா மரத்தடியில் குடையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். சின்னராசாவுக்கு அப்படிப்பட்ட தடை எதுவும் கிடையாது. கடமை என்று வந்துவிட்டால் அவன் பின்வாங்குகிற ஆளும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்க அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் மாஸ்டர் குடையைப் பல தடவை கை மாற்றிவிட்டார்.

வெளியே வந்தபோது அவன் மீசையில் நுரை இருந்தது.

"என்ன செல்றான்?" என்றார் மாஸ்டர், நுரையைப் பார்க்காதது போல.

"ராக்கம்மான்னு ஒரு பொம்பளைய அவன் கனவுலகூடக் கண்டதில்லையாம் மாஸ்டர். பொம்பளைங்க உள்ள வந்தா கள்ளு புளிச்சுப் போகும்ங்கிறான். இப்பவே புளிச்சுத்தான் இருக்கு. ஒருதரம் நம்பாம, ரெண்டாந்தரமும் பாத்தேன்."

மாஸ்டரின் முகம் தொங்கிப் போயிற்று. பதுளையிலிருந்து இரண்டு நாள் மாட்டு வண்டியில் குலுங்கி வந்ததெல்லாம் இந்த ஒரு பதிலுக்காகத்தான்.

விஷயம் இதுதான். வெள்ளைப்பாறைத் தோட்டத்தில் இளம் தேயிலை நாற்றுகளுக்குக் காவல் இருந்தவள் இராக்கம்மா. ஒரு நாள் காலையில் விடிந்து பார்த்தால் பந்தல் சரிந்து கிடக்கிறது, மண் கிளறிக் கிடக்கிறது, நாற்று ஒன்றுகூட இல்லை. தோட்டத்துக் கணக்குப்பிள்ளை வைத்திலிங்கம் பதுளைக் கோட்டுக்கு வந்து, காவல்காரிதான் கள்ளருக்குப் படலைத் திறந்துவிட்டாள் என்று சாட்சி சொன்னார். நீதவான் இராக்கம்மாவைக் கேட்டார். அவள் சொன்னது ஒரே வாக்கியம். "சாமி, நான் ராத்திரி பூரா தவறணையிலதான் இருந்தேன்." கொழும்பிலிருந்து புதிதாக வந்த துவிபாஷி, இவள் விடிய விடியக் கள்ளுக்கடையில் இருந்தாளாம் என்று அதை அழகாக மொழிபெயர்த்தார். நீதவானுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. தீர்ப்புக்கு நாள் குறித்து, அதுவரை அவளைப் பிணையில் விட்டார். தீர்ப்பு இன்னும் மூன்றே நாளில். ஆறு மாதம் மறியல், அதாவது சிறை, என்று கோட்டு வாசலில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். உள்ளே போய் வந்தவள் குடும்பத்தை அப்புறம் எந்தத் தோட்டமும் சேர்க்காது. அவள் புருஷன் இராமையா, ஸலீம் மாஸ்டர் வீட்டு வாசலில் வந்து நின்று அழுததைச் சின்னராசா இன்னமும் மறக்கவில்லை.

மாஸ்டர் போட்ட திட்டம் பிரமாதமானது. இராக்கம்மா இரவு முழுக்கத் தவறணையில் இருந்ததைத் தவறணைக்காரன் பார்த்திருந்தால், அவள் கள்ளரோடு இருந்திருக்க முடியாது. இப்போது அந்தத் திட்டம் பலா மரத்தடியில் செத்துக் கிடந்தது.

"மாஸ்டர், ஒண்ணு சொல்லட்டுங்களா? எங்க தோட்டத்துப் பக்கம் தவறணைன்னா கள்ளுக்கடை மட்டும் இல்லீங்க. நாத்து மேடையையும் தவறணைன்னுதான் சொல்லுவோம். அந்தப் புள்ள தன்னோட காவல் எடத்துல இருந்தேன்னுதான் சொல்லியிருக்கு."

மாஸ்டர் குடையை மெதுவாக மடக்கினார்.

"இத நீ எப்ப செல்ல நெனச்ச?"

"பதுளையிலேயே சொல்ல வந்தேன். 'வாய மூடு, நான் யோசிக்கிறேன்'னீங்க. பசறையில சொல்ல வந்தேன். அப்பவும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தீங்க. இங்க வந்தப்புறம், சரி, வந்தது வந்தாச்சேன்னு..."

தப்பு மாஸ்டருடையது. கள் மட்டும்தான் சின்னராசாவுடையது. இதை மாஸ்டர் வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்கிற பழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது.

"அப்படின்னா நெலம இன்னும் மோசம்," என்றார். "களவு நடந்த இடத்திலேயே விடிய விடிய இருந்தேன்னு தன் வாயாலேயே செல்லியிரிக்கா."

"நேத்து வரைக்கும் குடிகாரி. இன்னையிலேருந்து கள்ளி. நாம வந்து நல்ல ஒத்தாசை பண்ணியிருக்கோம் மாஸ்டர்."

மாஸ்டர் வண்டியில் ஏறினார். வெள்ளைப்பாறைக்கு இன்னும் நாலு மைல். ஏறிய கையோடு பைக்குள்ளிருந்து சிலேட்டை எடுத்தார். சின்னராசா வண்டியின் மறுகோடிக்கு நகர்ந்துகொண்டான். பதுளைப் பள்ளிக்கூடமொன்றில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் மாஸ்டர். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரின் மகனுக்குக் கணக்கில் சுழியம் போட்டார். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாத்தியாருக்குத்தான் வேலை போயிற்று. துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் அந்தச் சிலேட்டு அவரை விட்டுப் போகவில்லை.

"கணக்குப்பிள்ள கோட்டில என்ன செல்லிச்சு? ஞாபகமிரிக்கா?"

"மறக்குமா? நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னாரே. 'எழுவதாயிரத்து ஒரு நாத்து. நானே எண்ணினேன். எல்லா வரிசையும் ஒரே அளவு. எந்த வரிசையிலயும் ஒண்ணு கூட இல்ல, ஒண்ணு கொறைய இல்ல.' தொரைக்கு முன்னால தன்னோட ஒழுங்கக் காட்டுறாராம்."

"அந்த ஒண்ணுதான் என்னத் தூங்க விடல்ல," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வகுக்க ஆரம்பித்தார்.

மூன்றால் வகுத்தார். போகவில்லை. ஏழால் வகுத்தார். மிச்சம் ஒன்று. பதினொன்று, பதின்மூன்று, பதினேழு என்று வரிசையாகப் போனார். வண்டி பள்ளத்தில் விழும்போதெல்லாம் சிலேட்டுக் குச்சி ஒரு கோடு இழுக்கும். மாஸ்டர் துப்பித் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவார்.

"நாலு, ஆறு, ஒம்பதெல்லாம் விட்டுட்டீங்களே?"

"ரெண்டால போகாதது நாலால போகுமா? மூணால போகாதது ஒம்பதால போகுமா? வேற எதாலயும் வகுபடாத எண்ண வச்சுப் பாத்தாப் போதும்."

"அதுக்காக எழுவதாயிரம் வரைக்கும் பாக்கப் போறீங்களா? தீர்ப்புக்கு மூணு நாள்தான் இருக்கு."

"எரநூத்தி அறுவத்தி நாலு வரைக்கும் போதும். ஒரு எண்ண மிச்சமில்லாம வகுக்கிறது எப்பவும் சோடியாத்தான் வரும். பன்னண்டுக்கு ரெண்டு கெடச்சா கூடவே ஆறு கெடைக்கும். மூணு கெடச்சா நாலு. சோடியில ஒண்ணு சின்னதா இரிக்கும். அந்தச் சின்னதத் தேடினாப் போதும். எரநூத்தி அறுவத்தஞ்ச அதாலயே பெருக்கினா எழுவதாயிரத்தத் தாண்டிடும். அதுக்கு மேல தேட சின்னது இல்ல."

"பொண்ணு வீட்டத் தேடிப் பாத்தாப் போதும், மாப்பிள்ளை தானா வந்து நிப்பான்ங்கிறீங்க."

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்து இவ்வளவு தெளிவாக யாருக்கும் சொன்னதில்லை என்பது அவருக்கே தெரிந்தது. அதனால் கோபம் வந்தது.

தோட்டத்து எல்லைக்கல் தெரிகிற இடத்தில் குச்சி நின்றது. பார்க்க வேண்டிய ஐம்பத்தாறு எண்களையும் பார்த்தாயிற்று. ஒன்றாலும் போகவில்லை. மாஸ்டர் முகத்தில் பெருநாள் பிறை கண்ட சந்தோஷம்.

"பகா எண்! தன்னாலயும் ஒண்ணாலயும் தவிர எதாலயும் பங்கு போகாத எண்! எழுவதாயிரத்து ஒண்ண சம வரிசையா நடவே ஏலாது சின்னராசா. நட்டா ஒரே வரிசையா நடணும்."

"சாணுக்கு ஒரு நாத்துன்னாலும் அந்த வரிசை பத்து மைல் போகுமே. லுணுகலையில மொத நாத்து, பசறைக்குக் கிட்ட கடைசி நாத்து. அதுக்குக் காவல் ராக்கம்மாவா? குதிரைப் பட்டாளம் வேணும்."

"அப்ப அந்தாள் எண்ணவே இல்ல. ஆனா எண்ணாதவன் எழுவதாயிரம்ன்டு செல்லிட்டுப் போக வேண்டியதுதானே? அந்த ஒண்ணு எங்கேருந்து வந்திச்சு?"

சின்னராசா சிரித்தான். இந்தக் கேள்விக்குச் சிலேட்டு தேவையில்லை.

"மொய்யிலேருந்து வந்திருக்கு மாஸ்டர். எங்க ஆளுங்க சுழியில முடிக்க மாட்டாங்க. கல்யாணத்துல நூறு வச்சா மூஞ்சி சுருங்கும், நூத்தியொண்ணு வச்சா மலரும். நல்ல காரியத்துல மேல ஒண்ணு வச்சாத்தான் விருத்தி. பிள்ளைவாள் பொய்யையும் மங்களமா முடிச்சு வச்சிருக்காரு."

தோட்டத்து ஆபீஸ் முன்னால், லண்டனில் நடந்த முடிசூட்டு விழாவுக்கு நட்ட கொடிக்கம்பம் சாயம் போகாமல் நின்றது. வராந்தா நாற்காலியில் துரை உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தாலும் அவருடைய கால்கள் படிக்கட்டு வரை வந்திருந்தன. தோட்டத்தில் அவருக்குக் கொக்குத் துரை என்று பெயர். கொக்கு என்பது ஏதோ உயர்ந்த பட்டம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். யாரும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. பக்கத்தில் விபூதியும் மப்ளருமாகக் கணக்குப்பிள்ளை வைத்திலிங்கம், வெற்றிலை மென்றபடி. படிக்குக் கீழே, வெயிலில் இராக்கம்மா. அவளை யாரும் நிழலில் நிற்கச் சொல்லவில்லை.

"மாஸ்டர், நீ சீக்கிரம் கேளு," என்றார் துரை, தோட்டத்தில் கற்ற தமிழில். "நமக்கு சாப்பாடு நேரம்."

மாஸ்டர் கணக்குப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டார். "நாத்த நீங்களே எண்ணினீங்களா?"

"குத்துக்கால் போட்டு உக்காந்து, ஒவ்வொண்ணாத் தொட்டு எண்ணினேன்."

"எத்தின வரிசை?"

"எல்லாம் ஒரே அளவு வரிசைங்க."

"அது சரி. எத்தின?"

"அது மனசுல இருந்துச்சு. களவு போன அதிர்ச்சியில மறந்துபோச்சு."

"எழுவதாயிரத்து ஒண்ணு மட்டும் மறக்கலீங்களா?" என்றான் சின்னராசா.

"அது பெரிய எண்ணு தம்பி. பெருசு எப்படி மறக்கும்?"

மாஸ்டர் சிலேட்டைத் துரையிடம் நீட்டி, வகுத்ததையெல்லாம் விளக்கினார். துரை முதலில் கொட்டாவி விட்டார். பகா எண் என்ற இடம் வந்ததும் அவருக்குச் சின்ன வயதில் பிரம்படி வாங்கியது நினைவு வந்துவிட்டது. சிலேட்டை மரியாதையாகத் தூர வைத்தார். ஆனாலும் விஷயம் மண்டையில் ஏறிவிட்டது.

"அப்போ சம வரிசை கிடையாது. கணக்குப்பிள்ளை, நீ பொய் சொன்னதா?"

வைத்திலிங்கம் லேசுப்பட்ட ஆள் இல்லை. வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார்.

"தொரை, கோவிச்சுக்கக் கூடாது. இவரு அம்பத்தாறு தடவை வகுத்தேன்ங்கிறாரு. எங்க வச்சு? மாட்டு வண்டியில. எந்த ரோட்டுல? நம்ம லுணுகலை ரோட்டுல! அம்பத்தாறுல ஒரு எடத்துல கை தவறியிருக்காதா? அந்த ஒரு தவறுக்காக, பதினெட்டு வருஷமா உப்பத் தின்னவனக் கள்ளனாக்குறதா?"

துரை அந்த ரோட்டை நினைத்துப் பார்த்தார். அவருடைய பற்களில் ஒன்றை அந்த ரோடு வாங்கியிருந்தது. "ரோடு மோசம். அது உண்மை," என்றார்.

மாஸ்டர் சிலேட்டைத் திரும்ப வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனார். உதடு அசைந்தது. பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"தொரை மன்னிக்கணும். ஒரு எடத்தில பாக்கல்ல. நூத்தி முப்பத்தேழு. நூத்தி முப்பத்தேழு வரிசை, வரிசைக்கு ஐந்நூத்திப் பதினொண்ணு. அப்படி இரிந்தா சரியாப் போகும் போல இரிக்கி."

சின்னராசா சிலேட்டை எட்டிப் பார்த்தான். நாலு மைல் தூரம், ஒரு எண் விடாமல் வகுத்துவிட்டு, இங்கே வந்து, இவர்கள் முன்னால், போல இரிக்கியா? கீழே நின்ற இராக்கம்மாவைப் பார்க்கவே அவனுக்குத் துணிவில்லை. மாஸ்டரைத் தூக்கிக் கொண்டுபோய்த் தவறணைக்காரனின் கள்ளு முட்டியில் தலைகீழாக அமுக்கினால் என்ன என்று நிஜமாகவே தோன்றியது.

கணக்குப்பிள்ளையின் முகமோ பௌர்ணமி ஆகிவிட்டது.

"பாத்தீங்களா தொரை! நூத்தி முப்பத்தேழு! அதேதான், இப்ப ஞாபகம் வந்துருச்சு. கடைசி வரிசை பாறைய ஒட்டி வரும். அங்கதான் கொஞ்சம் நெருக்கி நட வேண்டியதாப் போச்சு."

"வரிசைக்கு ஐந்நூத்திப் பதினொண்ணுதானே?" என்றார் மாஸ்டர் பணிவாக.

"ஐந்நூத்திப் பதினொண்ணேதான். என் கையால தொட்டு எண்ணினது."

"சத்தியமா?"

"கதிர்காமக் கந்தன் மேல சத்தியமா!"

மாஸ்டர் துரையின் பக்கம் திரும்பினார். குரலில் இருந்த பணிவு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"தொரை, ஏழ ஒண்ணால பெருக்கினா என்ன வரும்?"

"ஏழு," என்றார் துரை, இந்தக் கேள்விக்காவது விடை தெரிந்த சந்தோஷத்தில்.

"நூத்தி முப்பத்தேழு ஏழில முடியிது. ஐந்நூத்திப் பதினொண்ணு ஒண்ணில முடியிது. ரெண்டையும் பெருக்கினா கடைசி இலக்கம் ஏழாத்தான் இரிக்கணும். எழுவதாயிரத்து ஒண்ணு எப்படி வரும்? பெருக்கிப் பாருங்க, எழுவதாயிரத்து ஏழு வரும். நான் வகுத்ததில ஒரு பிழையும் இல்ல தொரை. இப்ப செல்லினதுதான் பொய். வேணும்ன்டே செல்லின பொய். இவர் கையால தொட்டு எண்ணின வரிசை இவருக்குத் தெரிஞ்சிரிந்தா, 'இல்ல மாஸ்டர், அப்படி இல்ல'ன்டு செல்லியிரிப்பார். நான் எந்த எண்ணச் செல்லியிரிந்தாலும் தலையாட்டித்தான் இரிப்பார். ஏன்டா இவர் வரிசையையே கண்டதில்ல."

வெற்றிலை மெல்லுவது நின்றது. துரை எழுந்தார். அவர் முழுதாக எழுந்து நிற்பதற்குச் சற்று நேரம் ஆகும். அந்த நேரமெல்லாம் கணக்குப்பிள்ளை சுருங்கிக்கொண்டே வந்தார்.

"நாத்து எங்கே?"

வைத்திலிங்கம் அந்த நீளமான கால்களில் விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே உண்மை ஒவ்வொன்றாக வந்தது. நாற்று எங்கேயும் போகவில்லை. நாற்று என்று ஒன்று இருந்தால்தானே போவதற்கு? அசாமிலிருந்து வந்த விதைப்பெட்டிகள் வந்த வாரமே பெரகலைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு விலைபோய் மலையேறிவிட்டன. இங்கே பாத்தி கட்டி, அதன்மேல் பன்னச்செடித் தழையால் தாழ்வாகப் பந்தல் போட்டு, சுற்றிலும் வேலி அடைத்தாயிற்று. துரை மாதம் ஒருமுறை ஓடைக்கு அந்தப் பக்கம் குதிரையிலிருந்தபடியே பந்தலைப் பார்த்து, பேஷ் என்று சொல்லிவிட்டுப் போவார். இறங்கினால் அட்டை கடிக்கும். மாதம் ஆக ஆக வெறும் மண்ணில் நாற்று சாண் உயரம், முழ உயரம் என்று வளர்ந்தது. மலையில் நடுகிற காலம் நெருங்கியதும் அந்த நாற்றுகள் காணாமல் போயே ஆக வேண்டியதாயிற்று. காணாமல் போவதற்கு ஒரு கள்ளர் கூட்டம் வேண்டும். கள்ளருக்குப் படலைத் திறந்துவிட ஒரு ஆள் வேண்டும். அதற்காகத்தான் களவுக்கு முந்தின வாரம் இராக்கம்மாவைக் காவலுக்குப் போட்டது. வேலிக்கு உள்ளே போகக்கூடாது, மனுஷச் சூடு பட்டால் குருத்து கருகிவிடும் என்று அவளிடம் சொல்லியிருந்தார். கடைசி நாள் விடிகிற நேரத்தில், அவள் லயத்து வீட்டுக்குத் திரும்பியதும், பந்தலைச் சரித்து மண்ணைக் கிளறியது கணக்குப்பிள்ளையின் சொந்தக் கைகள்தான். பதினெட்டு வருஷத்தில் அவர் தொட்ட ஒரே மண் வேலை அது.

துரை கணக்குப்பிள்ளையை ஆபீஸ் அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினார். பொலிசுக்கும் நீதவானுக்கும் தானே சொல்வதாக மாஸ்டரிடம் சொன்னார். குதிரையிலிருந்து பேஷ் சொன்ன விஷயத்தைக் கோட்டில் கிளற வேண்டாம் என்றும் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார். மாஸ்டர் தாடியைத் தடவினார், வாக்குக் கொடுக்கவில்லை. பிறகு துரை படிக்குக் கீழே பார்த்தார். பெரிய மனதோடு சிரித்தார்.

"ராக்கம்மா, உன் மேல கேஸ் இல்லை. எல்லாம் சரி. நாளைக்குக் காலையில் ஆள் எண்ணுற பெரட்டுக்கு வந்து பேர் குடு. வேலை செய்."

இராக்கம்மா உடனே நகரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கோட்டில் சொன்ன அந்த ஒரே வாக்கியத்துக்குப் பிறகு அவள் பேசி அன்றைக்குத்தான் சின்னராசா கேட்கிறான்.

"அப்ப உள்ளார ஒண்ணுமே இல்லீங்களா தொரை?"

"ஒண்ணும் இல்லை."

"பன்னி வந்து கிளறிப்புடும்னு விடிய விடியத் தகரம் தட்டிக்கிட்டே இருந்தேனுங்க. ஒருநா காச்சல். அப்பவும் தட்டினேன். எம் புருஷன் வந்து கூப்பிட்டுச்சு. நாத்து பச்சப்புள்ள மாதிரி, உட்டுட்டு வரமாட்டேன்னு சொல்லிட்டேன்."

துரை கொடிக்கம்பத்தைப் பார்த்தார். கோட்டில் அவளைக் குடிகாரி என்று சொன்னபோது அவரும் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் சிலேட்டைப் பைக்குள் வைத்தார். தன் வகுத்தலுக்கு இனியாவது யாராவது பாராட்டு சொல்வார்கள் என்று எதிர்பார்த்தவர், அந்த ஆசையை அப்போது விட்டுவிட்டார்.

"எனக்கும் எம் புருஷனுக்கும் துண்டு எழுதிக் குடுத்துருங்க தொரை," என்றாள் இராக்கம்மா.

துண்டு என்பது தோட்டத்தை விட்டுப் போகிறவர்களுக்குத் துரை கையெழுத்துப் போட்டுத் தருகிற விலகல் சீட்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்து வாசலை மிதிக்க முடியாது. அதைத் துரைதான் தண்டனையாகக் கொடுப்பார். இந்தப் படியில் நின்று ஒரு பெண் பிள்ளை தானாகக் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

"ஏன்? இங்கே உனக்கு வேலை இருக்கு. போனா எந்தத் தோட்டத்துக்குப் போறது?"

"நெசமா நாத்து இருக்குற தோட்டமாப் பாத்துப் போறோமுங்க," என்றாள் இராக்கம்மா.